பருப்பு மிட்டாய் 'படக்'கென்று உடைவது எப்படி?

நல்ல பருப்பு மிட்டாயை வாயில் போடுவதற்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும். ஒரு துண்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால் அது வளையக் கூடாது, 'படக்'கென்று முறிய வேண்டும். முறிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும், நடுவே சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். கண்ணாடி மாதிரி என்று சொல்வதுகூடக் குறைவுதான். விஞ்ஞானிகளின் கணக்கில் இதுவும் கண்ணாடியேதான். ஜன்னல் கண்ணாடியை மணலை உருக்கிச் செய்கிறார்கள், இதைச் சர்க்கரையை உருக்கிச் செய்கிறோம்.

வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் அளவுகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். அளவும் சொல்கிறேன். ஆனால் அளவு சரியாக இருந்தும் மிட்டாய் சவசவவென்று பல்லில் ஒட்டிக்கொள்வது உண்டு. முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. பாகு பொன்னிறமாகிவிட்டதே என்று 135 டிகிரியிலேயே இறக்கிவிட்டேன். ஆறிய பிறகு உடைக்கப் பார்த்தால் தோல் மாதிரி வளைந்தது. நிறத்தை நம்பியது தவறு என்று பிறகுதான் புரிந்தது. இந்த மிட்டாயில் நாம் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது? இது பிடிபட்டுவிட்டால், வெண்ணெய் எப்போது, மசாலா எப்போது, டப்பாவில் எப்படி வைப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

தண்ணீர்க் கணக்கு

வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கதையே வேறு. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஆவியாகித் தப்பிக்கத் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் அதிகச் சூடு தேவைப்படும். தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகு கெட்டியாகும், கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். அதனால் பாகில் வைத்த தெர்மாமீட்டர் சூட்டைக் காட்டும்போதே, மிச்சமிருக்கும் தண்ணீரையும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

115 டிகிரி வாக்கில் பாகில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர் இருக்கும். இந்தப் பதத்தில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரும். 130-ஐ நெருங்கும்போது தண்ணீர் 8 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும், உருண்டை கெட்டியாகிவிடும். 140-ல் 5 சதவீதம். நீரில் விட்ட பாகு கம்பி கம்பியாக இறுகும், ஆனால் வளைத்தால் கொஞ்சம் வளையும். 150 டிகிரியில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் மிச்சம். இப்போது நீரில் விட்ட சொட்டு இறுகி, எடுத்து ஒடித்தால் சத்தத்தோடு முறியும். உடைபதம் என்பது இதுதான். நமக்கு வேண்டியது 149-லிருந்து 154 டிகிரிக்குள். அதைத் தாண்டி 170-ஐ நெருங்கினால் பாகு நன்றாகச் சிவந்து, கசப்பு தட்ட ஆரம்பிக்கும்.

கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு கணக்குப் போடுவோம். 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 60 மில்லி தண்ணீர். லிக்விட் குளுக்கோஸிலும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். ஆக, பாத்திரத்தில் மொத்தம் 80 மில்லி தண்ணீரோடு தொடங்குகிறோம். 150 டிகிரியில் இறக்கும்போது அதில் மிச்சமிருப்பது ஒரு டீஸ்பூன் அளவுகூட இல்லை. கால் மணி நேரமாக அடுப்பு செய்த வேலை, அந்தத் தண்ணீரை வெளியே அனுப்பியதுதான்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து புரியும். ஆரம்பத்தில் வெளியேற வேண்டிய தண்ணீர் நிறைய. அதனால் 105-லிருந்து 115 வரை தெர்மாமீட்டர் நகரவே நகராத மாதிரி தோன்றும். பொறுமை இழந்து அடுப்பைக் கூட்டாதீர்கள். 140-க்கு மேல் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் சூடு விறுவிறுவென்று ஏறும். கடைசிப் பத்து டிகிரி ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஏலக்காய் எங்கே, தட்டு எங்கே என்று தேடினால் பாகு தீய்ந்துவிடும். எல்லாவற்றையும் அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பதுதான் இந்த வேலையில் பாதி.

கண்ணாடியா, கல்கண்டா?

ஆறும்போது சர்க்கரைக்கு இரண்டு வழி உண்டு. அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகலாம். கல்கண்டு அப்படி உருவானதுதான். இல்லையென்றால், அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல், நின்ற நின்ற இடத்திலேயே உறைந்துபோகலாம். அதுதான் கண்ணாடி. நம் பாகில் தண்ணீர் இல்லாததால் அது ஆற ஆறப் பயங்கரக் கெட்டியாகிறது, மூலக்கூறுகளால் நகர முடிவதில்லை. தூய சர்க்கரையில் செய்த, நீரே இல்லாத கண்ணாடி சுமார் 60 டிகிரி சூட்டுக்கு மேல்தான் இளகத் தொடங்கும். தண்ணீர் கூடக் கூட இந்த வரம்பு மளமளவென்று கீழே இறங்கும். நான்கைந்து சதவீதம் தண்ணீர் தங்கிவிட்டால் அறையின் சாதாரண சூட்டிலேயே மிட்டாய் இளகி நிற்கும். என் 135 டிகிரி மிட்டாய் வளைந்ததற்குக் காரணம் இதுதான்.

படிகமாகிவிட்டால் என்ன ஆகும்? தெளிவாக இருந்த பாகு திடீரென்று வெளுத்து, மணல் மணலாகப் பூத்துவிடும். ஒரே ஒரு சர்க்கரைத் துகள் போதும். அதைப் பார்த்து மற்றவையெல்லாம் வரிசை கட்டிவிடும். அந்தத் துகள் பெரும்பாலும் பாத்திரத்தின் உள்சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சர்க்கரை முழுவதும் கரைகிற வரை மிதமான தீயில் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். சுவரில் துகள் ஒட்டியிருந்தால் ஈரத் தூரிகையால் வழித்துவிடலாம், அல்லது இரண்டு நிமிடம் மூடி வைக்கலாம், ஆவியே கழுவிவிடும்.

லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பதும் இதற்காகத்தான். வேறு வடிவமுள்ள மூலக்கூறுகள் நடுவே புகுந்துகொண்டால் சர்க்கரையால் நேர்வரிசையில் நிற்க முடியாது. அது கிடைக்காவிட்டால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடலாம். அமிலம், சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரித்துவிடும், வேலை ஒன்றுதான். ஆனால் சாறு அதிகமாகிவிட்டால் ஃபிரக்டோஸும் அதிகமாகிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது ஆவலாக இழுக்கும், மிட்டாய் சீக்கிரமே பிசுபிசுக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு லிக்விட் குளுக்கோஸையே சொல்வேன். அதில் பிழை வர வாய்ப்பு குறைவு.

செய்வோம்

மேலே சொன்ன சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீரோடு 200 கிராம் பருப்பு, 30 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, அப்புறம் மசாலாத்தூள். பருப்பு என்றால் வேர்க்கடலை, பாதாம், முந்திரி, பிஸ்தா எதுவும் சரி. எனக்குப் பிடித்தது வேர்க்கடலையும் பாதாமும் பாதிப் பாதி. வேர்க்கடலை மணம் தரும், பாதாம் கடிக்கக் கெட்டியாக இருக்கும்.

பருப்பை முதலில் வறுத்துக்கொள்ளுங்கள். ஓவன் இருந்தால் 170 டிகிரியில் பத்து நிமிடம், இல்லாவிட்டால் அடிகனமான வாணலியில் சிறு தீயில். ஒன்றை நடுவே உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். வறுத்ததை ஆறவிடாமல் வெதுவெதுப்பாகவே வைத்திருங்கள். ஆறிய பருப்பை 140 டிகிரிப் பாகில் கொட்டினால் பாகு சட்டென்று இறுகி, கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பாத்திரம் அடிகனமாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். சோடா போட்டதும் பாகு இரண்டு மடங்கு பொங்கும். ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள். மெழுகுத் தாள் வேண்டாம், சூட்டில் மெழுகு உருகி மிட்டாயோடு ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர் மூன்றையும் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். முதலில் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள் வேகவேகமாக வந்து உடையும். தண்ணீர் குறையக் குறையக் குமிழிகள் பெரிதாகும், சோம்பலாக எழும்பும், உடையும்போது 'ப்ளப்' என்று கனத்த சத்தம் கேட்கும். 140 டிகிரி ஆனதும் வெதுவெதுப்பான பருப்பையும் வெண்ணெயையும் போட்டுக் கிளறுங்கள். ஒரு டீஸ்பூன் வெண்ணெயை மட்டும் மசாலாவுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வெண்ணெயைக் கடைசியில் போடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. நான் 140-லேயே போடுவதற்குக் காரணம் அதே தண்ணீர்தான். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். 30 கிராமில் சுமார் 5 கிராம். அவ்வளவு பாடுபட்டு ஒரு டீஸ்பூனுக்குக் கீழே கொண்டுவந்த பாகில் இன்னொரு டீஸ்பூனை ஊற்றுவதற்குச் சமம். 140-ல் போட்டால் மிச்ச சூடு ஏறுவதற்குள் அது ஆவியாகிவிடும். வெண்ணெயிலுள்ள பால் புரதமும் அந்த நேரத்தில் சிவந்து நல்ல மணம் கொடுக்கும்.

150 தொட்டதும் அடுப்பை அணையுங்கள். காற்றில் ஈரம் அதிகமான மழை நாளென்றால் 152 வரை விடலாம். மசாலாவைப் போட்டு நாலு சுற்று கிளறி, உடனே சோடாவைத் தூவுங்கள். சோடாவை முன்பே சலித்து வைத்திருக்க வேண்டும். கட்டி கரையாமல் நின்றால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகி, சோப்புச் சுவை அடிக்கும். சூடு பட்டதும் சோடாவிலிருந்து கரியமில வாயு பிரியும். கெட்டியான பாகுக்குள் அந்த வாயு மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான நுண்குமிழிகளாக உறையும். குமிழி இல்லாத சர்க்கரைக் கண்ணாடி கல் மாதிரி இருக்கும், பல்லுக்கே ஆபத்து. குமிழிகள் இருப்பதால் ஒவ்வொரு கடியிலும் மெல்லிய சுவர்கள் நொறுங்குகின்றன. சோடாவின் காரத்தன்மை நிறத்தையும் இன்னும் கொஞ்சம் சிவக்க வைக்கும்.

பொங்கியதும் தாமதிக்காமல் தட்டில் ஊற்றி, தட்டைச் சாய்த்துப் பரவவிடுங்கள். கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் குமிழிகள் அமுங்கிவிடும். மெல்லியதாக வேண்டுமானால் இரண்டு முள்கரண்டியால் ஓரங்களைப் பிடித்து மெதுவாக இழுக்கலாம். சதுரமாக வேண்டும் என்பவர்கள் இளஞ்சூட்டிலேயே எண்ணெய் தடவிய கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். நான் கோடு போடுவதில்லை. கையால் ஒடித்த கோணல்மாணல் துண்டுகள்தான் இதற்கு அழகு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறட்டும்.

காரம் எங்கே ஒளிந்திருக்கிறது

இனிப்போடு காரம் சேர்வதில் ஒரு தனி ருசி உண்டு, அதில் நேரம்தான் விசேஷம். துண்டை வாயில் போட்டதும் முதலில் உப்பும் இனிப்பும் தெரியும். அப்புறம் வெண்ணெயும் பருப்பும். மூன்று நான்கு நொடி கழித்துத்தான் தொண்டைப் பக்கம் மிளகாய் எட்டிப் பார்க்கும். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சர்க்கரை எச்சிலில் கரைந்து நாக்கைத் தொட்ட பிறகே அது மெல்ல வந்து சேர்கிறது. அதோடு, காரம் என்பது சுவையே அல்ல. 1997-ல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, கேப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியை அடையாளம் கண்டது. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் அதே ஏற்பிதான். மிளகாய் கடித்தால் வாய் 'எரிகிறது' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் எவ்வளவு சரி! இந்தக் கண்டுபிடிப்புக்காக 2021-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கேப்சைசின் அடுப்புச் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அழியாது. ஆனால் பட்டை, ஏலக்காய், சுக்கு இவற்றின் மணம் எளிதில் பறந்துவிடும், தூளாக இருப்பதால் சீக்கிரம் தீய்ந்தும்விடும். ஆகவே மசாலா எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான். நேரடியாகத் தூவினால் பாகில் திட்டுத் திட்டாக நிற்கும். ஒதுக்கிய ஒரு டீஸ்பூன் வெண்ணெயை உருக்கி, அதில் தூளையும் உப்பையும் குழைத்து வையுங்கள். காரமும் மணமும் கொழுப்பில் இறங்கி, பாகு முழுக்கச் சமமாகப் பரவும். கலக்கும்போது பாத்திரத்தின் மேல் முகத்தை வைக்காதீர்கள், மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்துவிடும்.

தொடக்கத்துக்கு இந்த அளவு: அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் பட்டைத்தூள், கால் டீஸ்பூன் சுக்குத்தூள். குழைத்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தால் காரம் பயமுறுத்தும். பயப்படாதீர்கள், இனிப்பு அதில் பெரும்பகுதியை அடக்கிவிடும். மிளகாய் வேண்டாம் என்றால் கரகரப்பாகப் பொடித்த மிளகு நன்றாக இருக்கும். அதன் காரம் வேறு, சட்டென்று வந்து சட்டென்று போகும். மஞ்சள்தூளை மட்டும் தவிருங்கள். சோடாவோடு சேர்ந்தால் செம்பழுப்பாகிவிடும். உப்பைக் குறைக்காதீர்கள். சிவந்த சர்க்கரையின் லேசான கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான்.

கவனம்

கொதிக்கும் தண்ணீர் கையில் பட்டால் வழிந்து ஓடிவிடும். 150 டிகிரிப் பாகு ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்தக் கால் மணி நேரம் சமையலறைக்குள் விட வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று விரலால் தொட்டுச் சுவை பார்க்கவே கூடாது. பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டியோ வெண்ணெயோ வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

தெர்மாமீட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 97 காட்டுகிறது என்றால், உங்கள் உடைபதம் 150 அல்ல, 147. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கும் இதே சோதனை போதும். அங்கே ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும், பாகின் பதமும் அதே அளவு கீழே இறங்கும். தெர்மாமீட்டரே இல்லையென்றால் குளிர்ந்த நீர்ச் சோதனையை நம்பலாம். சோதிக்கும் நேரத்தில் அடுப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

விரட்டிய தண்ணீர் திரும்பி வரப் பார்க்கும். காற்றில் உள்ள ஈரத்தை மிட்டாய் மேற்பரப்பிலிருந்தே இழுக்கத் தொடங்கும். ஆகவே முழுக்க ஆறியதும், தட்டிலேயே விட்டுவைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் வெளியே எடுக்கும்போது மேலே நீர் பூத்துவிடும், அதனால் வெளியிலேயே இருக்கட்டும். இப்படி வைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு குறையாது.

பாத்திரத்தில் இறுகிக் கிடக்கும் பாகைச் சுரண்டிக் கை நோக வேண்டாம். தண்ணீர் நிரப்பி, கரண்டியையும் அதிலேயே போட்டு அடுப்பில் வையுங்கள். ஒரு கொதி வருவதற்குள் எல்லாம் கரைந்து வந்துவிடும்.